டோல் பந்தலில் ஓர் ஏகாதசி

எங்கள் மாமா வாழ்க்கையில் மனப்பூர்வமாக எதிர்த்தது இரண்டு விஷயங்களை. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது ஒன்று, பாலத்து டோல் மற்றொன்று. இந்த இரண்டு எதிர்ப்புகளும் ஒரே நாளில் ஒரே பந்தலில் முட்டிக்கொண்டபோது நான் முன்வரிசையில் ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். போராட்டம் என்றால் பள்ளிக்கூடம் கிடையாது என்ற அளவுக்கு மட்டுமே அரசியல் ஞானம் இருந்த வயது. அதற்குப் பிறகு எவ்வளவோ புத்தகங்கள் படித்துவிட்டேன். அந்த ஞானம் பெரிதாக வளர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணா. கொச்சியில், மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம், கீழே சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்கும் மேலே இரண்டு அறைகளும் ஒரு மொட்டை மாடியுமாக ஒரு பழைய கட்டடம். அதில் மாமாவும் மாமியும் குடியிருந்தார்கள். மாடியில் மாமி மோர்மிளகாயும் அரிசி வடாமும் பாவற்காய் வற்றலும் உலர்த்துவாள். மாமா அவற்றைப் பின்னால் பெட்டி வைத்த சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எர்ணாகுளத்து ஹோட்டல்களுக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவார். மிளகாயைக் கீறுவது, மோரில் ஊறப்போடுவது, வெயிலில் பரப்புவது, மழை வந்தால் அள்ளுவது எல்லாம் மாமி. தொழில் நடத்துவது மாமா. அப்படித்தான் எங்கள் குடும்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்தத் தொழிலுக்குக் குறுக்கே வந்து விழுந்தது டோல். பழைய துறைமுகப் பாலத்தில் சரக்கு வண்டி ஏறக்கூடாது என்று பலகை மாட்டிவிட்டு, பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்தில் சாவடி வைத்து வசூல் ஆரம்பித்தார்கள். போகும்போதும் கொடுக்க வேண்டும், வரும்போதும் கொடுக்க வேண்டும். "காலி வண்டிக்கு எதுக்குடா டோல்? காத்தையா ஏத்திண்டு வரேன்?" என்று மாமா தினமும் சாவடியில் கேட்பார். உள்ளே இருந்த பையன் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வான். "சேட்டா, சீட்டு."

ஹோட்டல்காரர்கள் விலையை ஏற்றச் சம்மதிக்கவில்லை. ஏற்றினால் பாலக்காட்டிலிருந்து வரவழைத்துக்கொள்வோம் என்றார்கள். இப்படியே போனால் ஓணத்துக்குள் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று மாமா சொல்ல ஆரம்பித்திருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சாப்பாட்டை இரண்டாம் தடவை கேட்கமாட்டார். விஷயம் எவ்வளவு தீவிரம் என்று அதிலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது.

டோலை எதிர்த்துத் தோப்பும்படியில், பாலத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு பந்தல் முளைத்தது. தொடர் உண்ணாவிரதம். ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தார் காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டினி கிடப்பார்கள். சாயங்காலம் யாராவது பெரிய மனிதர் வந்து எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து முடித்துவைப்பார். கொங்கணிக்காரர்கள் ஒரு நாள் உட்கார்ந்தார்கள், குஜராத்தி வியாபாரிகள் ஒரு நாள், மீன் ஏலக்காரர்கள் ஒரு நாள். அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வருவதாக நாள் குறித்திருந்தார்கள். ஆனால் போலீஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பட்டினி நடக்கும் வரைதான் பந்தலுக்கு அனுமதி. ஒரு நாள் ஆள் இல்லாமல் சங்கிலி அறுந்தாலும் மூங்கிலைப் பிடுங்கிவிடுவார்கள். பந்தல் போனால் பேச்சுவார்த்தையும் போகும்.

அதிகாரிகள் வரும் நாளுக்கு முந்தைய நாள் எங்கள் தமிழ்ச் சமாஜத்தின் முறை. சமாஜத்தில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்த அழுத்தம், மற்றவர்களுக்கெல்லாம் வாயு. மாமா எழுந்து, "நான் இருக்கேன்" என்றார். செய்தி வீட்டுக்கு வந்தபோது அம்மா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது.

"எங்கண்ணாவா? பட்டினியா? ரெண்டு தும்மலுக்கு நடுவுல ஒரு முறுக்கு கேக்கறவன்."

மாமாவின் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் எழுந்து நின்றிருந்தார். அன்று ஏகாதசி. எப்படியும் விரதம். அதையே டோலுக்கும் வைத்துக்கொண்டால் ஆயிற்று.

போராட்டக் கமிட்டியின் கன்வீனர், பஜாரில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், ஊருக்கெல்லாம் இக்கா, அதாவது அண்ணன். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். எதிர்க்கடையில் பரிப்புவடை போடுவார்கள் என்பதால் நான் மறுக்கவில்லை. இக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். ரமலான் மாதம் முழுக்க நோம்பு பிடிப்பவர். பட்டினியின் சட்டதிட்டங்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"ஸ்வாமி, நோம்புன்னா மனசுல நிய்யத் வைக்கணும். இன்னதுக்காகன்னு ஒரு எண்ணம். அது இல்லேங்கில் வெறும் பசி. நிங்ஙள் யாருக்கு வைக்குது? குருவாயூரப்பனுக்கா, டோலுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"ஒரு நோம்புக்கு ரெண்டு நிய்யத்தா?"

"இக்கா, ஒரே வண்டில ரெண்டு பேர் ஏறினா சாவடில ரெண்டு டோலா வாங்கறான்? ஒரே பட்டினில ரெண்டு பேர் போயிட்டு வரட்டுமே."

இக்கா மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மத விவகாரங்களில் அவரால் வாதாட முடிந்திருக்கும். டோல் கணக்கில் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஏகாதசியன்று காலை மாமா வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் இட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனார். குழந்தை ஒன்று இருந்தால் பத்திரிகைக்காரன் படம் எடுப்பான் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். யாரோ மாமாவுக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். "டோல் பிரிவு அவசானிப்பிக்குக!" என்று கோஷம் எழுந்தது. வசூலை நிறுத்து என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கோஷத்துக்கு நான்தான் சொந்தக்காரி என்றாகிவிட்டது. இக்கா எனக்கு மைக்கைக் கொடுத்தார். பிறகு அதை என்னிடமிருந்து வாங்குவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அந்த டோலை நான் வெறுத்ததுபோல அதற்குப் பின் எதையும் வெறுத்ததில்லை. நான் ஒரு தடவைகூட அதைக் கட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

வெயில் ஏறியது. மாமி பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் எவர்சில்வர் அடுக்குக் கேரியரோடு. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கேரியரை ஜமக்காளத்தில் வைத்து, முதல் அடுக்கைத் திறந்தார். கோதுமை ரவை உப்புமா. கடுகும் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த மணம் பந்தலைத் தாண்டி சாவடி வரை போயிற்று. இரண்டாவது அடுக்கில் சேனை வறுவல். மூன்றாவதில் நேந்திரம்பழம், நறுக்கி, மேலே சர்க்கரை தூவியது.

கோஷம் பாதியில் நின்றது. இக்கா மெதுவாக அருகே வந்தார்.

"ஸ்வாமி, இது எந்தா?"

"உப்புமா."

"நிங்ஙள் நோம்பல்லே?"

"அதனாலதானே உப்புமா. இல்லேன்னா சாதம்னா வந்திருக்கும்?"

மாமா ஏமாற்றவில்லை. இதை இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எங்களவர்களுக்கு ஏகாதசி என்றால் அரிசி கிடையாது, அவ்வளவுதான். அரிசியை விலக்கிய பிறகு உலகத்தில் எவ்வளவு பதார்த்தங்கள் மிச்சமிருக்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் எங்கள் முன்னோர் தங்கள் பக்தியைச் செலவிட்டிருந்தார்கள். மற்ற நாட்களில் ஒரு குழம்பு, ஒரு கறியோடு முடிகிற சாப்பாடு ஏகாதசியன்று தட்டு கொள்ளாமல் வரும். உலகம் முழுவதும் பட்டினி கிடப்பது இப்படித்தான் என்று மாமா மனதார நம்பியிருந்தார். முந்தைய நாட்களில் பந்தலில் உட்கார்ந்த கொங்கணிக்காரர்களும் மீன் ஏலக்காரர்களும் மறைவாக எங்கோ உப்புமா சாப்பிட்டிருப்பார்கள் என்றே நினைத்திருக்கிறார்.

"அரிசி ஒரு மணி உள்ள போகலை இக்கா, சத்தியமா."

"கோதம்பு போகலாமா?"

"பேஷா போகலாம்."

"யார் பறஞ்சது?"

"சாஸ்திரம்."

"சாஸ்திரம் நம்ம கமிட்டில மெம்பர் இல்லை ஸ்வாமி."

இக்கா குரலைத் தாழ்த்தி, காலையிலிருந்து வேறு ஏதாவது உள்ளே போயிற்றா என்று கேட்டார். மாமா நேர்மையானவர். விடியற்காலை கோதுமை அடை, பிறகு காப்பி, பந்தலுக்கு வந்தபின் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பழம், இன்னொரு பழம் என்று வரிசையாகச் சொன்னார். இக்கா அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். சங்கிலி அறுந்தது மட்டுமல்ல, காலை முழுவதும் அறுந்தே கிடந்திருக்கிறது. எதிரே மரத்தடியில் நின்ற போலீஸ்காரர் வேறு மணத்தைப் பிடித்துக்கொண்டு பந்தலை நோக்கி வர ஆரம்பித்தார்.

மாமாவின் முகம் மாறியது அப்போதுதான். கையில் கரண்டியோடு, பந்தல் மூங்கிலையும் அதற்கு அப்பால் நிறுத்தியிருந்த தன் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். பந்தல் போனால் எது போகும் என்று அவருக்குத் தெரியும்.

இக்கா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இன்னிக்குக் காலையிலிருந்து ஒண்ணும் கழிக்காத ஆளு இங்கே யாராவது உண்டோ?"

கழிப்பது என்றால் அவர் பாஷையில் சாப்பிடுவது. கோஷம் போட வந்தவர்கள் எல்லோரும் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். நான் கையைத் தூக்கினேன். இக்கா என் மேலுதட்டில் இருந்த பால் மீசையைப் பார்த்துவிட்டு, "மோள் உட்காரு" என்றார்.

"நான் இருக்கேன்" என்றாள் மாமி.

பந்தலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப்போக வேண்டும் என்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?" என்றார் மாமா. "கார்த்தால அடை சாப்பிட்டியேடி?"

"அது நீங்கோ சாப்பிட்டது. ஏகாதசிக்கு நான் என்னிக்கு சாப்பிட்டிருக்கேன்?"

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணும் இல்லை."

"ஜலம்?"

"ஜலமும்தான். துவாதசிக்குக் கார்த்தாலதான் எல்லாம்."

மாமா அவளையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து மாதத்துக்கு இரண்டு ஏகாதசி வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் மாமி பரிமாறியிருக்கிறாள், அவர் தட்டில் மட்டும். கரண்டியைக் கீழே வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இக்காவுக்கோ கடமை உணர்ச்சி. "மாமி, நிய்யத்?" என்றார். மாமா அதை விளக்கினார்.

"சங்கல்பமா?" என்றாள் மாமி. "அது எப்பவும் இவருக்குத்தான். வேணும்னா இன்னிக்குப் பாலத்தையும் சேர்த்துக்கறேன். இவர் வண்டியும் அது மேலதானே போறது."

இக்கா மாமியை ஜமக்காளத்துக்கு அழைத்தார். மாமாவின் கழுத்திலிருந்த மாலை இறங்கியது. மாமிக்குப் புது மாலை வந்தது. போலீஸ்காரர் வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு பெண்மணி நேற்று இரவு முதல் பச்சைத் தண்ணீர் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். உப்புமா என்ன ஆயிற்று என்பதைப் பற்றி வரலாறு மௌனம் சாதிக்கிறது. போலீஸ்காரர் மட்டும் அன்று மாலை வரை எங்களிடம் மிகுந்த பிரியமாக இருந்தார்.

அதன் பிறகு பகல் அமைதியாகப் போயிற்று. பள்ளுருத்தியிலிருந்து வந்த பெண்கள் மாமியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி விசிறினாள். ஒருத்தி முதுகுக்குத் தலையணை வைத்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் "க்ஷீணம் உண்டோ சேச்சி?" என்று கேட்டார்கள். களைப்பாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். மாமிக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டவர் முகத்தை, புரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டதுபோலப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்பாள். அவள் கைகளுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கீற மிளகாய் இல்லை, புரட்ட வடாம் இல்லை. மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கி, ஜமக்காளத்தின் ஓரத்தில் வெயிலில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா பந்தலின் கடைசி மூங்கிலில் சாய்ந்து நின்றார். யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள். வேண்டாம் என்றார். எனக்கு அது உலக அதிசயமாகப் பட்டது. உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

சாயங்காலம் பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். அவருக்கு மட்டும் டோல் கிடையாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். தட்டில் எலுமிச்சம்பழச் சாறு வந்தது. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். பெரிய மனிதர் தம்ளரை மாமியின் வாயருகே கொண்டுபோனார். மாமி கைகூப்பினாள்.

"நாளைக்குக் கார்த்தாலதான்."

"குடிக்கு சேச்சி, கழிஞ்ஞு" என்றார் அவர். முடிந்துவிட்டது, குடி என்றார். மாமி உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினாள். தம்ளர் அந்தரத்தில் நின்றது. ஏகாதசி சாயங்காலத்தோடு முடிவதில்லை என்று மாமா இக்காவின் காதில் சொன்னார். இக்கா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மைக்கை எடுத்து, சமாஜத்தின் இந்தச் சகோதரி சாறை மறுத்துவிட்டாள், பட்டினி தொடர்கிறது என்று அறிவித்தார். அதில் பொய் எதுவும் இல்லை. பந்தல் அதிர்ந்தது. அதுவரை அந்தச் சாறை யாரும் மறுத்ததில்லை. முந்தைய நாள்களில் சிலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்திருக்கிறார்கள்.

மாமி இரவு பந்தலிலேயே தங்கினாள். என்னை அப்பா வந்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் நான் அடம்பிடித்துத் திரும்பி வந்தபோது, பேப்பரில் சாறை மறுத்த வீட்டம்மாவின் படம் வந்திருந்தது. பத்து மணிக்கு வருவதாக இருந்த அதிகாரி ஏழு மணிக்கே வந்து, மாமி பட்டினியை விட வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமிக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. துவாதசி பிறந்திருந்தது. மாமா வீட்டுக்குப் போய் துளசித் தீர்த்தமும், தானே சமைத்த அகத்திக்கீரையும் கொண்டுவந்திருந்தார். கீரை கருகியிருந்தது. மாமி முழுவதையும் சாப்பிட்டாள். இந்த ஊர்ச் சரக்கு ஆட்டோக்கள் காலியாகத் திரும்பும்போது டோல் வேண்டாம் என்பதைப் பரிசீலிக்கிறோம் என்றார் அதிகாரி. அரசாங்கம் பரிசீலிக்கிறேன் என்று சொன்னாலே மட்டாஞ்சேரியில் பட்டாசு வெடிப்பார்கள். வெடித்தார்கள். வண்டியை விற்க வேண்டியிருக்காது என்று மாமா யாரிடமோ சொல்வது கேட்டது.

பந்தலில் அடுத்த கூட்டத்தார் வந்து உட்கார்ந்ததும் நாங்கள் கிளம்பினோம். முன்னால் டிரைவருக்கு மட்டும்தான் இடம். மாமியும் நானும் பின்னால் பெட்டியில், வடாம் மூட்டைகள் உட்காரும் இடத்தில், கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டி வீட்டுப் பக்கம் திரும்பும்போது மாமி தகரத்தைத் தட்டினாள்.

"பாலத்து மேல ஒரு தடவை போயிட்டு வரலாமா?"

மாமா வண்டியை ஓரம்கட்டி, தலையை வெளியே நீட்டினார். "இப்போ எதுக்கு?"

"சும்மாதான். இதுல நான் இன்னும் போனதில்லையே."

"டோல் உண்டே."

"கட்டுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மாமி! டோல் கட்டக்கூடாது! நாம கட்டக்கூடாது!" என்று கத்தினேன். முந்தைய நாள் முழுவதும் தொண்டை கிழியக் கத்தியவள் நான். மாமி என் தலையைத் தடவி, "இருக்கட்டும்டி" என்றாள். இருக்கட்டுமாம். பந்தலில் இருந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று நான் பெட்டிக்குள் குனிந்துகொண்டேன். போராட்டத்தை எங்கள் குடும்பமே காட்டிக்கொடுக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியங்களை அமைக்க ஆரம்பித்தேன்.

சாவடியில் மாமா வண்டியை நிறுத்தினார். பையில் கைவிட்டார், கொடுத்தார், சீட்டை வாங்கிக்கொண்டார். பையன் வழக்கமான சண்டைக்குத் தயாராகச் சன்னலில் சாய்ந்திருந்தான். "சேட்டா, இன்னு ஒண்ணும் சோதிக்கான் இல்லே?" என்றான். கேட்க ஒன்றும் இல்லையா என்று அவனே கேட்கும்படி ஆகிவிட்டது. மாமா வண்டியை எடுத்தார்.

பாலத்தின் உச்சியில் வண்டி நிற்கக்கூடாது. மாமா நிறுத்தினார். இஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப் பின்னால் வந்து மாமியின் பக்கத்தில் நின்றார். கீழே காயல். தண்ணீர் வெயிலில் தகடாகக் கிடந்தது. தீவுப் பக்கம் கிரேன்கள், இந்தப் பக்கம் ஓட்டுக்கூரைகள்.

"நம்ம மாடி எது?" என்றாள் மாமி.

மாமா கையை நீட்டினார். அவர் விரல் எதைக் காட்டியது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாக் கூரைகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மாமி அந்தத் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கையை இறக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"போலாமே மாமா" என்றேன். பார்க்க அங்கே என்ன இருக்கிறது? தினமும் இருக்கிற பாலம், தினமும் இருக்கிற தண்ணீர், அதற்குப் போய்க் காசு கொடுத்துவிட்டு இந்த இரண்டு பெரியவர்களும் இப்படி நிற்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மாமா முன்பக்கம் போனார். வண்டியைக் கிளப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.